அட்டவணையில் இல்லாத பால்

போன மாதம், ஓய்வுபெற்ற நர்ஸ்களையும் புதிதாகச் சேர்ந்தவர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்கள். அங்கே உங்களில் ஒரு பெண் என்னிடம் கேட்டாள்: "சிஸ்டர், சார்ட்டுல எல்லாரும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணித்தான் எழுதுறாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகலேன்னா பரவால்லதானே?" நான் "பண்ணாதம்மா" என்று சொல்லிவிட்டுக் கறிபாப்பை எடுத்துக் கடித்தேன். பிரிக்பீல்ட்ஸ் வந்து, லிஃப்டில் ஏறி, வீட்டுக் கதவைத் திறக்கும்போது, நான் சொன்னது பதிலே இல்லை என்று தோன்றியது. யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று நினைத்து நானும் ஒருமுறை ஏழு வரி எழுதியிருக்கிறேன். அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியது அதைத்தான்.

என்னோடு வேலை செய்தவர்களுக்கு என் வழக்கம் தெரியும். சீருடைப் பையில் எப்போதும் ஒரு சிறு நோட்டு இருக்கும். எந்தக் கட்டிலில் எந்த நேரத்தில் என்ன நடந்தது, அன்று மழையா, மின்சாரம் போனதா, யார் பார்க்க வந்தார்கள், எல்லாம் அதில் ஏறிவிடும். முப்பத்தேழு ஆண்டுகளின் நோட்டுகள் பிஸ்கட் டின்களில் ஆண்டுவாரியாக இருக்கின்றன. நோயாளிகளைப் பற்றித் தனியாக எழுதி வீட்டில் வைத்துக்கொள்வது விதிப்படி தவறு. நீங்கள் அதைச் செய்யாதீர்கள். நான் செய்தேன் என்பதை மறைக்கவும் இல்லை. தேதியில்லாமல் எதையும் எழுதி எனக்குப் பழக்கமில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தேதியை விட்டுவிடுகிறேன். மருத்துவமனையின் பெயரையும் சொல்லவில்லை, ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் கிள்ளானில்தான் இருக்கிறார்கள்.

அப்போது நான் பிரசவ வார்டில் பதின்மூன்றாம் ஆண்டில் இருந்தேன். அதாவது, தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளும் வயதைத் தாண்டியிருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலை நூருன்னிசா என்ற பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவள் கணவர் காதர் பாய், கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்தவர். பிரசவத்தின்போதே நூருன்னிசாவுக்கு ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்தது. அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். குழந்தை எங்களிடம் இருந்தது. சின்னக் குழந்தை. பாட்டிலைக் கண்டால் முகத்தைத் திருப்பியது. குடித்த கொஞ்சத்தையும் கக்கியது. செவ்வாய் காலை டாக்டர் வந்து, சாயங்காலம்வரை பார்ப்போம், இல்லையென்றால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மதியம் பார்வையாளர் நேரத்தில் காதர் பாயின் தங்கை ஜமீலா வந்தாள். சுங்கை பூலோவிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தாள். அவளுக்கு எட்டு மாதத்தில் அஸ்லம் என்று ஒரு மகன். அவனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்ததால் அவளுக்கு மார்பு கட்டி வலித்துக்கொண்டிருந்தது. குழந்தையின் அழுகையைக் கேட்டதும் அவள் ரவிக்கை நனைந்துவிட்டது.

"குடுங்க மிஸ்ஸி, நான் பாக்குறேன்," என்றாள்.

அடுத்தவள் பாலைக் கொடுக்கக் கூடாது என்பது வார்டு விதி. கிருமி தொற்றும் என்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட காரணம். எனக்குத் தெரிந்த காரணமும் அது ஒன்றுதான். ஜமீலாவின் பிரசவமும் எங்கள் மருத்துவமனையில்தான் நடந்தது. அவளுடைய ரத்தப் பரிசோதனைகளில் ஒன்றும் இல்லை என்று தெரியும். நான் திரையை இழுத்து மூடினேன். குழந்தை முதல் முறையாக விழுங்கும் சத்தம் கேட்டது. கால் மணி நேரம் குடித்துவிட்டு, தானே வாயை எடுத்துத் தூங்கியது.

"என்ன ஜமீலா, மருமகளுக்கு இப்பவே விருந்தா?" என்று கேட்டேன்.

"ஆமா மிஸ்ஸி. நாளைக்கு எனக்கு டீ போட்டுக் குடுக்கணும்ல," என்று சொல்லிச் சிரித்தாள்.

இருபத்தாறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வேடிக்கைப் பேச்சை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது. அத்தை மகன் முறைப் பையன், ஆகவே அத்தை மாமியார். எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பக் கணக்கு அவ்வளவுதான். அது அந்த வீட்டுக்கும் பொருந்தும் என்று நினைத்தேன். பாதிதான் பொருந்தியது.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் ஜமீலா வந்தாள். அவள் இல்லாத நேரத்தில் குழந்தை பாட்டிலையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றது. அவள் பால் கொடுத்த ஒவ்வொரு முறையும் நான் சார்ட்டில் "ஃபார்முலா, 30 மில்லி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் வார்டு சிஸ்டர் கண்டிப்பானவர், மலாய்க்காரர். விதியை மீறியது தெரிந்தால் என்னை வார்டை விட்டே மாற்றிவிடுவார் என்று பயம். பைக்குள் இருந்த நோட்டில் மட்டும் நடந்ததை நடந்தபடி எழுதினேன். வியாழன் மாலை நூருன்னிசா கண் விழித்தாள். வெள்ளியிலிருந்து அவளே பால் கொடுத்தாள். வீட்டுக்குப் போகும்போது, இளஞ்சிவப்பு அட்டை போட்ட குழந்தை உடல்நலப் புத்தகத்தில், முதல் உணவு என்ற இடத்தில், சார்ட்டைப் பார்த்து "ஃபார்முலா" என்று நானே எழுதிக் கொடுத்தேன். ஒரு பொய்யை எழுதினால் அது அடுத்த தாளுக்கும் தானாகப் போய்விடுகிறது.

மூன்று வாரம் கழித்து வார்டில் ஒன்று நடந்தது. இரண்டு மலாய்த் தாய்மார்கள் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருந்தார்கள். ஒருத்திக்குப் பால் சுரக்கவில்லை. மற்றவள் இரக்கப்பட்டு அந்தக் குழந்தையைக் கையில் வாங்கினாள். வார்டு சிஸ்டர் ஓடிவந்து தடுத்தார். சத்தம் போடவில்லை. இரண்டு கணவர்களையும் வரவழைத்தார். கொடுப்பதென்றால் தெரிந்து கொடுங்கள் என்று சொல்லி, இரண்டு தாளில் இரு குடும்பத்துப் பெயர்களும் விலாசங்களும் எழுதி ஆளுக்கு ஒன்று கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி விளக்கினார். இஸ்லாத்தில் இரண்டு வயதுக்குள் ஒரு குழந்தை வேறொருத்தியிடம் ஐந்து முறை வயிறு நிறையக் குடித்தால் அவள் அதற்குத் தாய். அவள் பெற்ற பிள்ளைகள் எல்லாம் அதற்கு உடன்பிறப்பு. நாளைக்கு அந்தப் பிள்ளைகளில் ஒருவரை அது கல்யாணம் செய்ய முடியாது. "கிருமியை மருந்து கொடுத்துச் சரிபண்ணலாம். இதைச் சரிபண்ண மருந்து கிடையாது," என்றார்.

அன்று வேலை முடிந்ததும் நோட்டைப் புரட்டினேன். காதர் பாயின் கடைத் தொலைபேசி எண் என் நோட்டில் இருந்தது. கூப்பிட்டிருந்தால் ஐந்து நிமிடப் பேச்சு. நான் கூப்பிடவில்லை. ஜமீலாவுக்குத் தன் மார்க்கம் தெரியாமலா இருக்கும், அவளே சொல்லிக்கொள்வாள் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். உண்மையில் நான் பயந்தது சார்ட்டுக்கு. ஏழு பொய் வரி என் கையெழுத்தோடு அங்கே இருந்தது.

பிற்காலத்தில் இதைப் பற்றி நிறையப் படித்தேன். என் அம்மா என் அப்பாவுக்குச் சொந்த அக்கா மகள். எங்களில் அது மிக நெருங்கிய முறை, மறுத்தால் மனஸ்தாபம் வரும். இஸ்லாத்தில் அது அறவே கூடாது. அதே நேரம் பெரியப்பா மகனையும் சித்தப்பா மகனையும் அவர்கள் கட்டலாம். எங்களுக்கு அவர்கள் அண்ணன் தம்பி, நினைத்தாலே பாவம். அத்தை மகன், மாமன் மகள் என்ற இடத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒன்று சேர்கிறோம். பால் உறவு வேறு கிளை. அதிலும் சில வழிமுறையினர் ஒருமுறை குடித்தாலே போதும் என்பார்கள். காதர் பாய் குடும்பமும் இந்த நாட்டு நிக்காஹ் பதிவும் ஐந்து என்ற கணக்கைக் கொள்கின்றன. ஒவ்வொரு வீட்டிலும் கோடு ஒவ்வோர் இடத்தில் போட்டிருக்கிறது. நம் வீட்டுக் கோட்டை வைத்து அடுத்த வீட்டில் நடந்தால் என்ன ஆகும் என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

ஜமீலாவோடு தொடர்பு அறுந்துபோகவில்லை. பெருநாளுக்கு வாழ்த்து வரும், தீபாவளிக்கு நான் அனுப்புவேன். அவ்வளவுதான். நான் ஓய்வுபெற்று இரண்டாம் ஆண்டு, ஒரு திங்கட்கிழமை, அவளிடமிருந்து கைப்பேசியில் ஒரு திருமண அழைப்பிதழ் வந்தது. மணமகன் அஸ்லம். மணமகள் ஷிஃபானா, கிள்ளான் காதர் அவர்களின் மகள். நிக்காஹுக்கு இன்னும் மூன்று வாரம்.

அழைப்பிதழைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அரிசி அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் அடுப்பு நினைவுக்கு வந்தது. அன்று மாலை அந்த ஆண்டின் டின்னை எடுத்து நோட்டைத் தேடினேன். என்ன இருக்கும் என்று தெரிந்தே தேடினேன். செவ்வாய் இரண்டு. புதன் நான்கு, அதில் ஒன்று "கொஞ்சம் குடித்து அழுதது". வியாழன் ஒன்று. மொத்தம் ஏழு. வயிறு நிறைய ஆறு.

மூன்று நாள் நான் ஒன்றும் செய்யவில்லை. இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் செய்ததையே மறுபடியும் செய்தேன் என்று சொன்னாலும் சரிதான்.

வியாழன் காலை ஜமீலாவே வந்துவிட்டாள். தலை நரைத்திருந்தது, முழங்கால் வலி. நாற்காலியில் உட்காரும்போது இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்தாள். பையிலிருந்து இளஞ்சிவப்பு அட்டைப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தாள். நூருன்னிசாவின் அக்கா, அந்தக் காலத்தில் ஒரு நாள் வார்டுக்கு வந்து திரை மறைவில் எதையோ பார்த்திருக்கிறாள். அழைப்பிதழ் போனதும் வாயைத் திறந்துவிட்டாள். நிக்காஹ் பதிவு அதிகாரி கேட்டதற்கு ஜமீலா, ஒன்றிரண்டு முறை கொடுத்திருப்பேன் என்று சொல்லியிருக்கிறாள். புத்தகத்தில் ஃபார்முலா என்று இருப்பதால், எழுதிய நர்ஸிடம் ஒரு கடிதம் வாங்கிவிட்டால் எல்லார் வாயும் அடைபடும் என்பது காதர் பாயின் எண்ணம்.

"நீங்க எழுதினதையே சொல்லிடுங்க மிஸ்ஸி. புதுசா ஒண்ணும் வேணாம்."

"ஜமீலா, ஒண்ணு ரெண்டு இல்ல."

"நான் எண்ணல மிஸ்ஸி. புள்ள அழுதுச்சு, குடுத்தேன். எவ எண்ணிக்கிட்டுப் பால் குடுப்பா?"

"நான் எண்ணியிருக்கேன்."

அவள் புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள். "நீங்க சொல்லாத வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரியாம செஞ்சா குத்தம் இல்ல. சந்தேகம்னா தடுக்க மாட்டாங்க, அந்த அதிகாரியே சொன்னாரு. சொல்லாதீங்க எனக்கு."

"இது வந்து நிக்கும்னு உங்களுக்குத் தோணவே இல்லயா? இத்தன வருஷம்?"

"தோணுச்சு," என்றாள். "ஸ்கூல் படிக்கிறப்ப ரெண்டும் அடிச்சிக்கிட்டுக் கெடந்துச்சுங்க. அப்ப எதுக்குச் சொல்லணும்? அப்புறம் ஒருநாள் பாத்தா இந்தப் பக்கம் இவன் போன வச்சிக்கிட்டுச் சிரிக்கிறான், அந்தப் பக்கம் அவ சிரிக்கிறா. அப்ப எப்படிச் சொல்றது? நீங்க பெத்திருந்தாத் தெரியும்."

நான் பெறவில்லை. ஞாயிறுவரை நேரம் தருகிறேன், நீங்களே அவர்களிடம் சொல்லுங்கள் என்றேன். அவள் எழுந்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்: "திரைய இழுத்து மூடினது நீங்கதானே மிஸ்ஸி."

உங்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வேலையில் நெருக்கடி என்றால் ரத்தம் கொட்டுவது, இதயத் துடிப்பு நிற்பது என்றுதான் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அவற்றுக்கு வழிமுறை இருக்கிறது. கை தானாக வேலை செய்யும். அந்த வியாழனுக்கும் ஞாயிற்றுக்கும் இடையில் எனக்கு எந்த வழிமுறையும் இல்லை. அது என் மார்க்கம் இல்லை. அந்தச் சட்டத்தை நான் நம்பவும் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டால், அவர்கள் சட்டப்படியே, அந்த இரண்டு பேரும் குற்றமில்லாமல் வாழலாம். தடை இருந்தது என் நோட்டில் மட்டும்தான். அதை எரித்துவிட்டால் தடையே இல்லை. அடுப்பங்கரைவரை எடுத்துக்கொண்டும் போனேன். அதில் அந்த வாரம் பிறந்த வேறு பதினோரு குழந்தைகளும் இருந்தார்கள். திரும்ப டின்னில் வைத்தேன். இதை நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள். காகிதத்தை அழிக்க எனக்குக் கை வராது, அவ்வளவுதான்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மணி அடித்தது. ஷிஃபானா நின்றாள். வளர்ந்த பிறகு அவளை நான் பார்த்ததே இல்லை. ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்திருந்தாள். கையில் ஒரு டப்பா லட்டு.

"ஆன்டி, நீங்கதான் என்னை மொதல்ல தூக்கினீங்களாம். மாமி சொன்னாங்க," என்று சிரித்தாள். "லெட்டர நானே டைப் பண்ணிட்டேன். ஸ்பெல்லிங் மட்டும் செக் பண்ணிக்குங்க. ரிட்டயர்ட் நர்ஸுக்கு ஸ்பெல்லிங் தப்பா இருந்தா திட்டு விழும்னு மச்சான் பயமுறுத்தி அனுப்பிருக்காரு."

ஜமீலா சொல்லவில்லை. நான் ஒத்துக்கொண்டுவிட்டதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். கடிதத்தில் நான்கு வரி. மேற்படி குழந்தைக்கு என் பொறுப்பில் இருந்த நாட்களில் ஃபார்முலா பால் கொடுக்கப்பட்டது என்று உறுதி கூறுகிறேன். கீழே என் பெயர், கையெழுத்துக்கு ஒரு கோடு. அவளே பேனாவைத் திறந்து கொடுத்தாள்.

நான் வாங்கிக்கொண்டேன். அவள் என் வீட்டுச் சுவரில் இருந்த படங்களைப் பார்த்தாள், பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஆன்டி, எழுதலயா?"

"உனக்கு எது வேணும்மா? கையெழுத்தா, நடந்ததா?"

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. "ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சேன்," என்றாள்.

நான் உள்ளே போய் நோட்டை எடுத்துவந்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, மற்றவர்களைப் பற்றிய வரிகளை ஒரு தாளால் மறைத்து அவள் முன் வைத்தேன். பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்பவள். விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். உதடு அசைந்தது. எண்ணுகிறாள் என்று தெரிந்தது. முடித்துவிட்டு மறுபடியும் மேலிருந்து எண்ணினாள்.

"கொஞ்சம்னு போட்டிருக்கிற இது சேராது. அப்பவும் ஆறு."

"ஆறு."

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"கொடுத்தது உன் மாமிக்குத் தெரியும். எத்தனைன்னு எனக்கு மட்டும்தான். இப்ப உனக்கு."

நான் எதிர்பார்த்தது அழுகை. அவள் அழவில்லை. "நீங்க ஏன் ஆன்டி ஃபார்முலான்னு எழுதினீங்க?" என்று கேட்டாள். அதட்டலாகக் கேட்கவில்லை, காரணம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டாள்.

"பயம். சிஸ்டர் ஏசுவாங்கன்னு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் தலையை ஆட்டினாள். கடிதத்தை மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு, "நான் போய்ச் சொன்னா மாமி அழுவாங்க, வாப்பா நம்ப மாட்டாரு. நீங்க வரணும்," என்றாள். நான் சேலை மாற்றிக்கொண்டு வந்தேன். கிள்ளானுக்குக் கொமுட்டரில் ஏறினோம். சுபாங் தாண்டும்போது அவள், "ஹால் டெகரேஷனுக்கு அவர் பச்சைதான் வேணும்னாரு. நான் வேணாம்னு சண்ட போட்டேன்," என்றாள்.

காதர் பாய் வீட்டுக் கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். காதர் பாய், நூருன்னிசா, ஜமீலா, அஸ்லம். அஸ்லம் துறைமுகத்தில் வேலை பார்க்கும் வாட்டசாட்டமான பையன். நான் நின்றுகொண்டே சொன்னேன். காதர் பாய் நான் நினைத்ததுபோலவே, "மிஸ்ஸி, அப்ப எழுதினது பொய்யா, இப்பச் சொல்றது பொய்யா? எதை நான் எடுத்துக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பொய் எழுதிய கையை யாரும் இன்னொரு முறை நம்ப வேண்டிய அவசியம் இல்லை. என் சாட்சிக்கு அவர்கள் சட்டத்தில் என்ன மதிப்பு என்றும் எனக்குத் தெரியாது. நோட்டை ஜமீலாவின் கையில் கொடுத்தேன்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். வியாழக்கிழமை வரியில் அவள் விரல் நின்றது. "12.45. பெருமழை. ஜமீலா நனைந்து வந்தாள். துண்டு கொடுத்தேன். குழந்தை குடித்துத் தூங்கியது" என்று எழுதியிருந்தேன்.

"நீலத் துண்டு," என்றாள் ஜமீலா. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. பிறகு அண்ணனைப் பார்த்து, "ஆமா நானா. எல்லாம் ஞாபகம் வருது. ஆறும் சரி," என்றாள்.

நூருன்னிசா என் பக்கம் திரும்பினாள். "நான் கண்ணு முழிச்சப்ப புள்ள தெம்பா இருந்துச்சு," என்றாள். "நல்ல பால்மாவுன்னு நெனச்சேன். பேரு கேட்டு எழுதிவச்சேனே மிஸ்ஸி, உங்ககிட்ட. நீங்க சொன்னீங்களே ஒரு பேரு." நான் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெயர் நோட்டில் இல்லை. எனக்கு நினைவும் இல்லை.

அஸ்லம் தன் தாயைப் பார்த்துச் சிரித்தான். அது எந்த வகைச் சிரிப்பு என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. "அப்ப எனக்கு எட்டு மாசம் உம்மா. என் பங்கத்தான் எடுத்துக் குடுத்திருக்கீங்க," என்றான். எழுந்தான். ஷிஃபானாவின் பக்கம் பார்க்காமல் வாசலுக்குப் போனான். மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் வெகு நேரம் வரவில்லை. வெளியே வெறுமனே நின்றுகொண்டிருந்திருக்க வேண்டும். பிறகு வந்தது.

மறுநாள் பதிவு அதிகாரியிடம் ஜமீலாவே போய்ச் சொன்னாள். மனு திரும்பப் பெறப்பட்டது. அழைப்பிதழ் கிடைத்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து, கல்யாணம் நின்றுவிட்டது என்று மட்டும் சொன்னார்கள். காரணம் எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு மாதத்தில் அஸ்லம் ஜோகூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனான்.

அந்தக் குழந்தைக்கு ஜமீலா பால் கொடுத்தது தவறு என்று நான் நினைக்கவில்லை. குழாய் போடாமல் பிழைத்தது அதனால்தான். திரையை மூடியதைக்கூட மன்னித்துவிடலாம். நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தால், வார்டு சிஸ்டர் என்னை ஏசியிருப்பார். பிறகு நிச்சயம் இரண்டு தாள் எடுத்து இரண்டு வீட்டுக்கும் எழுதிக் கொடுத்திருப்பார். அந்தப் பிள்ளைகள் அண்ணன் தங்கை என்று தெரிந்தே வளர்ந்திருப்பார்கள். அடித்துக்கொண்டிருப்பார்கள். ஒருவருக்கொருவர் போனில் சிரித்துக்கொள்ள வேண்டி வந்திருக்காது. நான் தவிர்த்தது ஒரு ஏச்சு.

அடுத்த நோன்புப் பெருநாளுக்கு எனக்கு வாழ்த்து வராது என்று நினைத்தேன். ஜமீலாவிடமிருந்து வரவில்லை. ஷிஃபானாவிடமிருந்து வந்தது, வீட்டுக்கு வாருங்கள் என்று. போகாமல் இருப்பது இன்னொரு கோழைத்தனம் என்று பட்டதால் போனேன். சமையலறையில் பெண்கள் மட்டும் இருந்தோம். ஷிஃபானா தலைத்துணியைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு ரெண்டாங் இறைச்சியைக் கிளறிக்கொண்டிருந்தாள். வாசலில் அஸ்லத்தின் குரல் கேட்டது. ஜோகூரிலிருந்து வந்திருந்தான். சலாம் சொல்லிக்கொண்டே உள்ளே வந்தான்.

அவள் கரண்டியைப் போட்டுவிட்டுத் துணியை இழுத்துத் தலையை மூடி, கழுத்தைச் சுற்றி இறுக்கினாள்.

நூருன்னிசா மெதுவாகச் சொன்னாள்: "இனிமே அவன் உனக்கு அண்ணன்தானே. அவன் முன்னாடி மூடணும்னு இல்லம்மா."

"தெரியும் உம்மா," என்றாள் ஷிஃபானா. துணியை எடுக்கவில்லை. அஸ்லம் தண்ணீர் குடித்துவிட்டு உடனே கூடத்துக்குப் போய்விட்டான்.

புறப்படும்போது அவளிடம் ஒன்று கேட்டேன். மருத்துவமனைச் சார்ட்டு எப்போதோ அழிக்கப்பட்டிருக்கும். இளஞ்சிவப்புப் புத்தகம் மட்டும் அவளிடம் இருந்தது. அதில் நான் எழுதியதை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டுவிடுகிறேன் என்றேன். திருத்தம் செய்யும் முறை அதுதான், உங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

அவள் உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்தாள். அந்தப் பக்கத்தைத் திறந்தாள். நான் பேனாவை எடுத்தேன். அவள் உள்ளங்கையைப் பக்கத்தின்மேல் வைத்து மூடிக்கொண்டாள்.

"வேணாம் ஆன்டி. இருக்கட்டும். இது ஒண்ணுலதான் நாங்க கட்டிக்கலாம்னு இருக்கு."

என் கையெழுத்து அந்தப் பக்கத்தில் இன்னும் திருத்தப்படாமல் இருக்கிறது.